அப்பன் சொல்லும் சாட்சி

போன வருஷம் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வழக்கமாகப் போகும் வாழை இலைக் கடையில் உட்கார்ந்திருந்தோம். நான் இரண்டாம் தடவை ரசம் கேட்டுக்கொண்டிருந்தபோது தங்கை மகன் கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு, "மாமா, பிள்ளைங்களுக்கு மனப்பாடம் பண்ண வைக்கிறீங்களே, முதலாம் யோவான் அஞ்சு ஏழு, அது யோவான் எழுதினதே இல்லையாம். உங்களுக்குத் தெரியுமா?" என்றான். குத்திப் பேசுகிற பையன் இல்லை அவன். பொறியாளன், கணக்கு எங்கோ இடிக்கிறது என்றால் தூக்கம் வராத ரகம். ஏதோ ஒரு காணொளியில் பார்த்திருக்கிறான், உறுத்தியிருக்கிறது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் என்னிடம் வந்திருக்கிறான். "இருக்காதுடா, நான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு ரசத்தைக் குடித்தேன். அன்று மாலையே பார்த்தேன். அவன் சொன்னது சரி.

யோவான் எழுதிய முதலாம் நிருபம், ஐந்தாம் அதிகாரம், ஏழாம் வசனம்: 'பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்.' கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், எட்டு வயதில், இதைத் தட்டாமல் ஒப்பித்ததற்காக எனக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது. அந்த டம்ளர் இன்னும் வீட்டில் இருக்கிறது. அம்மா பால்மரம் வெட்டப் போனவள், எழுத்து தெரியாது. மறுநாள் வேலைக்குக் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "இன்னொரு வாட்டி சொல்லு" என்பாள். அப்படிக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாடமாகிவிட்டது. இயேசு தேவன்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று யார் எப்போது கேட்டாலும், ஐம்பது வருஷத்துக்கு மேலாக என் நாக்கில் முதலில் வந்து நிற்பது இந்த ஒரு வரிதான். அதைத்தான் இந்தப் பையன் ரசம் சாதத்துக்கு நடுவில் உருவி எடுத்துவிட்டுப் போனான்.

ஒரு சொல் கூட்டாதே

நான் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக 31 வருஷம் இருந்தவன். முதலில் ஊருக்குள் இருந்த பழைய கட்டடங்களில், 2007க்கு அப்புறம் ஜாலான் டூத்தாவில் இருக்கும் பெரிய வளாகத்தில். சாட்சி தமிழில் பேசுவார், நான் மலாயில் சொல்வேன். வக்கீல் மலாயில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன். இந்த வேலையில் முதல் நாளே சொல்லித் தரும் பாடம், ஒரு சொல் கூட்டாதே, ஒரு சொல் குறைக்காதே. கேட்க எளிது. ஒரு கிழவி வந்து நின்று, கேட்ட கேள்விக்கு "ஆமாங்க, அதான்" என்று மட்டும் சொல்லும்போது, அவள் சொல்ல வந்தது என்ன என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும்போது, வாய் சும்மா இருக்காது. எனக்கும் ஒரு தடவை இருக்கவில்லை. அவள் சொன்ன நாலு வார்த்தையை நான் பத்து வார்த்தையாக்கி, முன்னும் பின்னும் அழகாகச் சேர்த்து மலாயில் வைத்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் தமிழர். எழுந்து நின்று, சாட்சி இவ்வளவு சொல்லவில்லை என்றார். நீதிபதி என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் கூட்டிச் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவள் மனதில் இருந்ததைத்தான் சொன்னேன். ஆனால் அந்தக் கணத்திலிருந்து அவள் சொன்ன நிஜமான நாலு வார்த்தைக்கும் மதிப்புக் குறைந்துபோனது. கெடுத்தது நான்.

அதனால்தான் ஏழாம் வசனத்தின் கதையைப் படிக்கப் படிக்க எனக்குக் கோபம் வரவில்லை, முதுகு கூசியது. கிரேக்கத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் பழைய பிரதிகளில், அதாவது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் பிரதியிலும் சீனாய் பிரதியிலும், அந்த வரி கிடையாது. அது லத்தீன் வழியாக வந்தது. ஆவி, தண்ணீர், இரத்தம் என்று யோவான் எழுதியிருந்த மூன்று சாட்சிகளைப் பார்த்த யாரோ ஒரு பக்தர், இது பிதா, வார்த்தை, ஆவி என்று விளக்கம் சொல்லியிருக்கிறார். விளக்கம் பக்கத்தின் ஓரத்தில் ஏறி, ஓரத்திலிருந்து வரிக்குள் இறங்கிவிட்டது என்றுதான் அறிஞர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். 1516இல் எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தபோது அந்த வரி இல்லை. 1519 பதிப்பிலும் இல்லை. எங்கே எங்கள் வசனம் என்று கூச்சல் எழுந்தது. அந்த வரி உள்ள ஒரு கிரேக்கக் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து காட்டினார்கள். அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட பிரதி அது. 1522 பதிப்பில் அவர் சேர்த்துவிட்டார். அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்கும், அப்புறம் 1871இல் வெளிவந்த நம்முடைய பழைய தமிழ் வேதாகமத் திருப்புதலுக்கும் வந்து, அங்கிருந்து தோட்டத்துக் கோயிலுக்கும், என் டம்ளருக்கும் வந்து சேர்ந்தது.

நாங்கள் லூத்தரன்கள். தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனெரிகள் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பெருமை உண்டு. லூத்தர் உயிரோடு இருந்தவரை அவருடைய ஜெர்மன் வேதாகமத்தில் இந்த வரியைச் சேர்க்கவில்லை என்று தெரிந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அவர் செத்து ரொம்ப நாள் கழித்துத்தான் மற்றவர்கள் சேர்த்தார்களாம். எங்கள் ஊர்க் கத்தோலிக்க நண்பர் ஒருவரிடம் 1995இல் வந்த திருவிவிலியத்தை வாங்கிப் பார்த்தேன். அதிலும் அந்த இடத்தில் மூன்று சாட்சிகள்தான்: ஆவி, நீர், இரத்தம். அவ்வளவுதான். அவர்கள் இதையெல்லாம் எங்களுக்கு முன்னாலேயே சத்தமில்லாமல் சரிசெய்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் வேறு. 325இல் நிக்கேயாவில் ஆயர்கள் கூடினார்களே, குமாரன் பிதாவோடு ஒரே தன்மை உள்ளவரா, இல்லை படைக்கப்பட்டவரா என்று, படைக்கப்பட்டவர்தான் என்ற ஆரியஸோடு அத்தனை சண்டை போட்டார்களே, அந்தச் சண்டையில் கிரேக்கச் சபைப் பிதாக்கள் ஒருவர்கூட இந்த வசனத்தை எடுத்து வீசவில்லை. கையில் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் வீசியிருப்பார்கள். இல்லை. 'அந்த வார்த்தை தேவனாயிருந்தது', தோமா சொன்ன 'என் ஆண்டவரே! என் தேவனே!', இவை போன்றவற்றை வைத்தே பேசினார்கள். நான் அத்தனை வருஷம் ஊன்றி நின்ற கோல் இல்லாமலே அவர்கள் நடந்திருக்கிறார்கள்.

கூண்டில் நிற்பது யார்

சரி என்று பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன். இந்திய முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடை, ஆளுக்கொரு தே தாரிக், இழுத்து ஆற்றிய டீ. நீ சொன்னது சரி, ஆனால் அந்த வசனம் போனாலும் ஒன்றும் இடிந்துவிடவில்லை, ஒன்பதாம் வசனம் இருக்கிறது பார் என்றேன்: 'நாம் மனுஷருடைய சாட்சியை ஏற்றுக்கொண்டால், அதைப்பார்க்கிலும் தேவனுடைய சாட்சி அதிகமாயிருக்கிறது.' அவன் கொஞ்ச நேரம் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான்: "மாமா, இது கடவுள் சொன்ன சாட்சின்னு எழுதினது யாரு? மனுஷன்தானே? மனுஷன் எழுதின புஸ்தகத்துல, இது கடவுள் சாட்சின்னு மனுஷனே எழுதினா, அது யாருடைய சாட்சி?"

முதல் கேள்வி பதில் தேடினால் கிடைக்கும் கேள்வி. இது அப்படி இல்லை. இரண்டு மூன்று வாரம் என்னை விடவில்லை. நம் மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 60ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. வாய்மொழிச் சாட்சி நேரடியாக இருக்கவேண்டும். பார்த்த விஷயமென்றால் பார்த்தவரே வந்து சொல்லவேண்டும், கேட்ட விஷயமென்றால் கேட்டவரே வந்து சொல்லவேண்டும். 'அவர் பார்த்ததாக என்னிடம் சொன்னார்' என்று நான் வந்து நின்றால் வக்கீல் உடனே எழுந்துவிடுவார். பையனுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அவன் கேட்டது அந்தப் பிரிவைத்தான். கடவுள் சொன்னார் என்று யோவான் சொன்னார் என்று பிரதி எழுதினவர் சொன்னார் என்று அச்சடித்தவர் சொன்னார் என்று மாமா சொல்கிறார்.

ஒரு காலை, பசியாறிவிட்டு வெளியே மாமரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் என் சொந்த வேலை எனக்கு ஞாபகம் வந்தது. 31 வருஷம் நீதிபதிகள் தமிழ்ச் சாட்சிகளிடமிருந்து கேட்டது அத்தனையும் என் வாயிலிருந்து கேட்டதுதான். தமிழ் தெரியாத ஒரு நீதிபதிக்கு அந்தக் கிழவியின் ஒரு வார்த்தைகூட நேரடியாகப் போய்ச் சேரவில்லை. ஆனாலும் பதிவேட்டில் என் பேர் இல்லை. 'எஸ்பி 3: நான் பார்த்தேன்' என்றுதான் எழுதுவார்கள். அரசுத் தரப்பின் மூன்றாம் சாட்சி பார்த்தார், மொழிபெயர்ப்பாளன் பார்க்கவில்லை. இதை யாரும் செவிவழிச் செய்தி என்று தள்ளியதில்லை. ஏன் தள்ளவில்லை? நான் நல்லவன் என்பதாலா? இல்லை. சாட்சி அங்கேயே கூண்டில் நிற்கிறார், அதனால்தான். நான் தப்பாகச் சொன்னால் அவர் முகம் மாறும், திருத்துவார், மறுபடி கேட்கலாம். அதே கிழவி வீட்டில் இருக்க, நான் மட்டும் வந்து அவள் இப்படிச் சொன்னாள் என்றால், அதே வார்த்தைகள், அதே வாய், ஆனால் ஒரு காசுக்குப் பெறாது.

அப்படியானால் கேள்வி யோவானைப் பற்றியது இல்லை. பேசுகிறவர் இப்போது கூண்டில் நிற்கிறாரா, இல்லை வீட்டில் இருக்கிறாரா? இதுதான் கேள்வி. மறுபடி நிருபத்தை எடுத்தேன். இந்தத் தடவை ஏழைத் தாண்டி, ஆறிலிருந்து எட்டுக்குப் போய்ப் படித்தேன். ஆறாம் வசனத்தின் கடைசி வரியை நான் அதுவரை சரியாகக் கவனித்ததே இல்லை: 'ஆவியானவர் சத்தியமாகையால், ஆவியானவரே சாட்சிகொடுக்கிறவர்.' கொடுத்தவர் இல்லை, கொடுக்கிறவர். யோவான் தன்னைச் சாட்சியாக நிறுத்திவிட்டுக் கடவுளைச் சான்றாதாரமாகக் காட்டவில்லை. அவர் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிறார்; சாட்சி சொல்கிறவர் அங்கேயே இருக்கிறார் என்று நினைத்துத்தான் எழுதுகிறார். பத்தாம் வசனமும் அதைத்தான் சொல்கிறது: குமாரனிடத்தில் விசுவாசமாயிருக்கிறவன் 'அந்தச் சாட்சியைத் தனக்குள்ளே கொண்டிருக்கிறான்'. என் டம்ளர் வசனம் நடுவில் நின்று இத்தனை வருஷம் இதை மறைத்துக்கொண்டிருந்தது. பரலோகத்தில் மூவர் சாட்சியிடுகிறார்கள் என்றதும், அது எங்கோ மேலே நடக்கும் விசாரணை, நமக்குத் தீர்ப்பின் நகல் மட்டும் கீழே அனுப்பப்படுகிறது என்ற நினைப்பு எனக்கு.

இதைப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. அரை மணி கழித்து, "கூண்டில நிக்கிறாருன்னு எப்படித் தெரியும் மாமா, நமக்குத்தான் தெரியலையே" என்று வந்தது. அதுவும் நியாயம்தான்.

எஸ்டி 2

ஒரு வழக்கு. எந்த வருஷம், எந்தக் கோர்ட் என்பதெல்லாம் வேண்டாம். குற்றம்சாட்டப்பட்ட பையனுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். கொள்ளைக் குற்றச்சாட்டு. சம்பவம் நடந்த ராத்திரி அவன் வீட்டில் இருந்தான் என்பது எதிர்வாதம். அதைச் சொல்ல வந்தவர் அவனுடைய அப்பா, எதிர்வாதத் தரப்பின் இரண்டாம் சாட்சி, எஸ்டி 2. இருந்த தோட்டம் விற்கப்பட்டபின் நகரத்துக்கு வந்து குப்பை லாரியில் வேலை பார்த்தவர். கழுத்துப் பட்டன்வரை போட்ட வெள்ளைச் சட்டை, காலில் சிலிப்பர். சத்தியப் பிரமாணத்தை நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு சொல்லையும் தராசில் வைப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அரசு வக்கீல் சுற்றி வளைக்கவில்லை. "நீங்கள் இவனுடைய அப்பா. இவனைக் காப்பாற்ற என்ன வேண்டுமானாலும் சொல்வீர்கள், சரிதானே?" நான் தமிழில் கேட்டேன்.

பெரியவர் பேசவில்லை. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நீதிபதி என்னைப் பார்த்து, "அப்பா டியா காத்தா?" என்றார். என்ன சொல்கிறார் என்று அர்த்தம். மலாயில் 'என்ன' என்பதற்கு 'அப்பா' என்பது அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு எப்படியோ இருந்தது. மௌனத்தை மொழிபெயர்க்க எனக்குச் சொல்லித் தரவில்லை. "டியாம்" என்றேன், பேசாமல் இருக்கிறார். அப்புறம் அவர் வாய் திறந்தார். "ஐயா, அப்பன்னு சொல்லி ஒதுக்குறீங்க. அவன் ராத்திரி எப்ப வந்தான், சாப்பிட்டானா இல்லையா, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான், இதெல்லாம் அப்பனுக்குத் தெரியாம வேற யாருக்குய்யா தெரியும்?" ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மலாயில் சொன்னேன். அன்றைக்கு என் வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

பையனை விட்டுவிட்டார்கள். ஆனால் அப்பா சொன்னதை நம்பி விடவில்லை. அடையாளம் காட்டினவருடைய சாட்சி பலவீனமாக இருந்தது. பெரியவர் சொன்னது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அப்பன்கள் பொய் சொல்வதை நான் நிறையவே மொழிபெயர்த்திருக்கிறேன்.

இருந்தாலும் அவர் சொன்ன பதிலில் ஒரு விஷயம் இருக்கிறது. எந்த உறவு ஒரு சாட்சியைச் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறதோ, அந்த உறவு இல்லாமல் அந்தச் சாட்சியே கிடையாது. சில காரியங்களுக்கு வெளியாள் சாட்சி என்று ஒன்று இருக்கவே முடியாது. யோவான் சுவிசேஷம் எட்டாம் அதிகாரத்தில் பரிசேயர்கள் இயேசுவிடம் இதே குறுக்கு விசாரணையைத்தான் செய்கிறார்கள்: உம்மைக் குறித்து நீரே சாட்சி சொல்கிறீர், செல்லாது. அவர், இரண்டு பேருடைய சாட்சி உண்மை என்று உங்கள் நியாயப்பிரமாணத்திலேயே எழுதியிருக்கிறதே, நான் ஒருவன், என் பிதா ஒருவர் என்கிறார். கோர்ட்டில் காலம் தள்ளினவனுக்கு இதைப் படித்தால் தூக்கிவாரிப்போடும். இரண்டு சாட்சியும் ஒரே வீட்டார்! அவர்கள் உடனே, "உம்முடைய பிதா எங்கே?" என்று கேட்கிறார்கள். சாட்சியைக் கூப்பிடு என்பதுதான் அது. இயேசு வேறு ஆளைத் தேடிக் கொண்டுவரவில்லை. 'பிதா தவிர வேறொருவனும் குமாரனை அறியான்' என்று இன்னொரு இடத்தில் சொல்கிறார். அப்பனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இந்தப் பத்தியை எழுதும்போதுதான் அம்மா ஞாபகம் வந்தது. என் அப்பா இறந்த வருஷம்தான் அவள் ஞானஸ்நானம் எடுத்தாள். நான் ஐந்து வயதுப் பிள்ளை. தோட்டத்து லய வீடுகளில் ஒரு சித்தப்பா எப்போதும் அவளைச் சீண்டுவார். தச்சன் மகன் எப்படி அண்ணி சாமியாவான், யார் சொன்னது? அம்மா பெரிதாக எதுவும் சொல்லமாட்டாள். யோர்தானில் ஞானஸ்நானம் எடுத்தபோது வானத்திலிருந்து சத்தம் வந்ததே, 'இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்' என்று, அது மட்டும் அவளுக்குத் தெரியும். "அவங்கப்பாவே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?" என்பாள். நான் பள்ளிக்கூடம் போய், டம்ளர் வாங்கி, அவளுக்கு ஏழாம் வசனத்தைப் பாடமாக்கிக் கொடுத்து, ஏதோ அவளுக்கு ஆதாரம் சேர்த்துக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் வசனத்தின் பின்பாதியை மட்டும் நான் எப்போதும் வேகமாகத் தாண்டிவிடுவேன்: நம்பாதவன் 'அவரைப் பொய்யராக்குகிறான்'. என்ன இவ்வளவு கடுமை என்று தோன்றும். என் அக்கா, என் பழைய சிநேகிதர்கள், கோர்ட்டில் கூட வேலை பார்த்தவர்கள், யாரும் கடவுளைப் பொய்யர் என்று சொன்னதில்லையே. இப்போதும் அது இனிக்கவில்லை, ஆனால் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. ஒரு சாட்சியை நம்பாமல் இருக்க நீதிபதிக்கு இரண்டு வாசல் உண்டு. ஒன்று, இவர் பொய் சொல்கிறார். இன்னொன்று, இவர் நல்லவர்தான், ஆனால் இருட்டு, தூரம், வயது, மறதி. நூற்றுக்குப் பெரும்பாலும் இரண்டாம் வாசல் வழியாகத்தான் அனுப்புவார்கள். மரியாதையான வாசல் அது. கடவுள் விஷயத்தில் அந்த வாசல் இல்லை. அவருக்கு இருட்டில் சரியாகத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. அதனால் யோவான் ஒற்றை வாசலைக் காட்டுகிறார். ஆனால் பேசியது அவர்தான் என்று தெரிந்தவனுக்குத்தான் அந்த வார்த்தை பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். பெரிய வெள்ளிக்கு முந்தின நாட்களில் வானத்திலிருந்து சத்தம் வந்தபோது கூட்டத்தில் பாதிப்பேர் 'இடிமுழக்கமுண்டாயிற்று' என்றார்கள் என்று யோவானே பன்னிரண்டாம் அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார். அவர்களைத் திட்டவில்லை. கோலாலம்பூரில் தினமும் நாலு மணிக்கு இடி கேட்கிற நமக்கு அது நன்றாகவே புரியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. அந்த எஸ்டி 2இன் ஒரு நிமிஷ மௌனம். யோர்தானில் பிதா பேசினார். இயேசு மறுரூபமான மலைமேல் பேசினார். ஆனால் உண்மையாகவே விசாரணை நடந்த ராத்திரி, பிரதான ஆசாரியன் நேராக, நீ தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்துதானா என்று ஆணையிட்டுக் கேட்டபோது, வானத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. சாட்சி தேவைப்பட்ட ஒரே இடத்தில் சாட்சி வரவில்லை. சிலுவைக்குக் கீழே நின்றவர்கள், 'அவர் இவன்மேல் பிரியமாயிருந்தால் இப்பொழுது இவனை இரட்சிக்கட்டும்' என்கிறார்கள். பிரியமாயிருந்தால்! நம் தமிழில் யோர்தானில் விழுந்த அதே சொல். ஆற்றங்கரையில் சொன்னீரே, இப்போது சொல்லும் பார்ப்போம் என்று கேட்பதுபோலவே இருக்கிறது. பதில் இல்லை. ஞானஸ்நானத்தில் கிறிஸ்து என்ற மேலான ஒருவர் இயேசுமேல் இறங்கினார், பாடுகளுக்கு முன்னால் விட்டுப் போய்விட்டார் என்று கெரிந்து என்ற பழைய போதகர் ஒருவர் போதித்ததாக, இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரனேயு எழுதியிருக்கிறார். அந்த மௌனத்தைப் பார்த்தால் அப்படி ஒரு யோசனை வருவது ஆச்சரியமில்லை. யோவான் அதற்குத்தான் 'ஜலத்தினாலே மாத்திரமல்ல, ஜலத்தினாலும் இரத்தத்தினாலும்' என்று அடித்துச் சொல்கிறார். சத்தம் கேட்ட தண்ணீரும் சாட்சி, சத்தம் கேட்காத இரத்தமும் சாட்சி. மூன்றாம் நாள்தான் பிதா வாய் திறக்கிறார். மரித்தோரிலிருந்து எழுந்ததினாலே தேவனுடைய சுதன் என்று ரூபிக்கப்பட்டார் என்று ரோமருக்குப் பவுல் எழுதுகிறார். கோர்ட் கலைந்து, தண்டனையும் நிறைவேறி முடிந்த பிறகு வந்த சாட்சி. எந்த வக்கீலும் இப்படி ஒரு சாட்சியை வைத்து வழக்கு நடத்தமாட்டார்.

அக்கா

பெரியக்கா, அம்மா ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்னாலேயே கல்யாணமாகிப் போனவள், இந்துவாகவே இருக்கிறாள். தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறாத வருஷம் கிடையாது. நான் இப்படி உள்ளே கொண்டிருக்கும் சாட்சி என்றெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததும், "ஏன்டா, எனக்குள்ளேயும் முருகன் இருந்து பேசுறாண்டா, அது உன் கணக்குல சேராதா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். பொந்தியு பிலாத்துவின் காலத்தில், ஒரு ஊரில், ஒரு நாளில் நடந்ததைப் பற்றிய சாட்சி இது, நல்ல உணர்வு மட்டும் இல்லை அக்கா என்றேன். நான் நம்புவது அதைத்தான். என் உள்ளத்தில் எழும் சூடு அந்தச் சாட்சி இல்லை. 'தேவன் நமக்கு நித்தியஜீவனைத் தந்திருக்கிறார், அந்த ஜீவன் அவருடைய குமாரனில் இருக்கிறது' என்று பதினோராம் வசனம் சொல்வதுதான் அது. சூடு இல்லாத நாட்களிலும் அது அப்படியே இருக்கிறது. ஆனால் அவள் கேள்விக்கு இது பதிலாகிவிடவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. 31 வருஷம் முகத்தைப் பார்த்தே பிழைத்தவன் நான். "சரி, சாப்பிடு" என்று தோசையைப் போட்டாள்.

தங்கை மகன் இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு கோயிலுக்கு வருகிறான். நம்புகிறானா என்று நான் கேட்கவில்லை. போன மாதம் பாட்டு முடிந்ததும் என் பக்கம் குனிந்து, "ஒரு வக்கீல் உங்களைத் திருத்தினாரே, அப்புறம் அந்தக் கிழவி என்ன ஆச்சு மாமா?" என்றான். அதை இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. கோர்ட் அவளிடமே மறுபடி கேட்டது, அவள் அதே நாலு வார்த்தையைச் சொன்னாள், அது நின்றது என்றேன்.

ஞாயிறு பள்ளியில் இந்த வருஷத்து மனப்பாட வசனத்தை மாற்றிவிட்டேன். ஏழாம் வசனத்தை எடுத்துவிட்டுப் பதினொன்றைக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் ஐயா ஏன் என்று கேட்டார். கொஞ்சம் சொன்னேன், பாதியிலேயே கையை உயர்த்தி, "பெரியவங்க காதுல போடாதீங்க" என்றார். பிள்ளைகளிடம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை; ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஆளுக்கு ஒரு வசனமாகச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன், நானே ஏழைத் தாண்டி எட்டை அடுத்தவனுக்குக் கொடுத்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பொடியன், பல் விழுந்த வாய், கையைத் தூக்கினான். "சார், ஏழு எங்க சார்?"

"இருக்கு, இரு" என்றேன். அந்த வரி உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வேதாகமத்தையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, அவனை எழுந்து வரச் சொன்னேன்.